அணுவைப் பணியில் அமர்த்த முனைந்த ஹோமி பாபா

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 93 அங்குலத் தொலைநோக்கி 1986 முதல் நோக்கிவரும் விண்மீன்களில் பெரும்பாலானவை அணுக்கருப் பிணைவினால் ஒளிர்பவை. அவ்வாற்றலை மண்ணுலகில் அடக்கியாளும் வழி இருபது ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று 1955இல் ஜெனீவா நகரில் கூடிய அணுசக்தி மாநாட்டின் தலைமையுரையில் கணித்துரைத்தவர் ஹோமி ஜஹாங்கிர் பாபா. எழுபது ஆண்டுகள் ஆகியும் அது மின்சாரமாக நம் கைக்கு எட்டவில்லை. ஆயினும், அணுக்கருப் பிளவினால் மின்சாரம் ஆக்கும் பணி இந்நாட்டில் வேரூன்றியமைக்கு அன்னாரே முதற்காரணர் ஆவார்.

1909 அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் செல்வம் மிக்க பார்சிக் குடும்பத்தில் பாபா பிறந்தார். பொறியியல் பயில்வதற்காகவே கேம்பிரிட்ஜ் அனுப்பப்பட்டார். உள்ளமோ இயற்பியலையே நாடிற்று. தந்தையாரின் விருப்பப்படி பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் வென்ற பின்னரே தம் விருப்பத்தின் வழிச் சென்றார். 1937இல் ஹைட்லருடன் இணைந்து அண்டக்கதிர்ப் பொழிவினை விளக்கியமை அவருக்கு உலகப்புகழ் ஈட்டித் தந்தது. 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை இரண்டாம் உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. போர் மூண்டிராவிடின் அவர் ஐரோப்பாவிலேயே தங்கியிருக்கவும் கூடும். பெங்களூரில் சர். சி.வி. இராமன் இயக்கிய இயற்பியல் துறையில் பணியேற்றார். 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவர் முயற்சியால் எழுந்தது. 1948இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார்.

தென்னாட்டிற்கு நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முற்றிலும் பிளவுறின் 2,500 டன் நிலக்கரிக்கும் மேற்பட்ட வெப்பத்தைத் தரும், புகையும் இல்லை. எனினும் நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது கலந்து கிடக்கிறது. ஆதலின் பாபா மூன்று படிநிலைகளை வகுத்தார். முதலில் இயற்கை யுரேனிய உலைகள். அவற்றில் விளையும் புளூட்டோனியத்தைக் கொண்டு ஈனுலைகள். இறுதியில் தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233 எரியும் உலைகள். டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாடு நீங்கலாக ஆசியாவிலேயே அதுவே முதலாவது.

இத்திட்டத்தை அன்றே வினவியோர் உண்டு. அறிஞர் மேகநாத் சாகா 1954இல் மக்களவையில், அணுசக்திப் பணி மறைவாக நடத்தப்படுவதைக் கடுமையாகக் குறைகூறினார். அக்குறை முற்றும் நீங்கியதெனச் சொல்வதற்கில்லை. 1983இல் பாதுகாப்பைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட ஒழுங்குமுறை வாரியம் அணுசக்தி ஆணையத்திற்கே பதில் சொல்லும் வகையில் அமைந்தது. மேற்பார்க்கப்பட வேண்டியவரிடமே மேற்பார்வையாளர் கணக்கு ஒப்புவிப்பது முறையாகுமா? மேலும், ஈனுலைக்கு உயிரான புளூட்டோனியமே அணுகுண்டுக்கும் மூலப்பொருள். பாபா காலத்தில் கட்டப்பட்ட சைரஸ் ஆய்வு உலையின் புளூட்டோனியமே 1974இல் பொக்ரானில் வெடித்தது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். கழிவைக் காக்கும் பொறுப்பு இன்னும் பிறவாத தலைமுறைகளின் மேல் விழுகிறது.

பாபா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓவியமும் மேலைநாட்டு இசையும் அவரோடிருந்தன. கட்டடத்திற்கு இடையூறான மரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்வார். 1966 சனவரி 24ஆம் நாள், அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் மாண்ட் பிளாங்க் பனிமலையில் மோதி 117 பேர் மாண்டனர். 56 வயதில் அன்னார் மறைந்தார்.

தாராப்பூர் நிலையம் 1969இல்தான் மின்சாரம் வழங்கிற்று. கல்பாக்கத்தின் முதல் உலை 1984இலும், இரண்டாவது 1986இலும் பயனுக்கு வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் அந்நிலையத்தின் நீரேற்றகத்தில் புகுந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் 2011இல் புகுஷிமா உலைகளின் குளிர்விப்பு நின்றுபோனதைக் கண்ட இடிந்தகரை மீனவர்கள் கூடங்குளத்தை எதிர்த்துப் போராடினர். கரையே வாழ்வாக உள்ளவர்களின் அச்சத்தை அறியாமை எனத் தள்ளியது நேர்மையன்று. கூடங்குளத்தின் முதல் உலை 2013இல் மின்தொடரோடு இணைந்தது.

இத்தனைக்கும் பின், நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே. பாபா வகுத்த இரண்டாம் படிநிலைக்கான பெரிய ஈனுலையின் கட்டுமானம் கல்பாக்கத்தில் 2004இல் தொடங்கிற்று. அதன் உலை உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் ஆரம்பமாயிற்று.