பெரம்பூர் வியாபாரி, புதுச்சேரித் துபாஷி

பாரதி சாலையில் போகும்போது அமீர் மஹாலை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். உள்ளே இருப்பது ஆற்காடு இளவரசர் குடும்பம் என்பதும் தெரிந்திருக்கும். ஆற்காடு எங்கே, ராயப்பேட்டை எங்கே என்று நம் குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், 1740களில் ஆற்காட்டு நவாப் ஆனவர் அன்வருத்தீன் கான். அவர் மகன் முகம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைக்கே வந்துவிட்டார். வாலாஜா சாலை அவர் பெயரில் இருப்பதுதான். 1855-க்குப் பிறகு சேப்பாக்கம் அரண்மனை கைவிட்டுப் போனது. 1870களில் குடும்பம் அமீர் மஹாலுக்குக் குடிவந்தது.

இந்த இதழில் சொல்ல வந்தது நவாபுகளைப் பற்றி அல்ல. அந்த அன்வருத்தீன் கானோடு பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய கடிதப் போக்குவரத்தெல்லாம் யார் கையால் நடந்ததோ, அந்த மனிதரைப் பற்றி. அவர் படைத் தளபதியும் இல்லை, பிரபுவும் இல்லை. துணி வியாபாரி. அதுவும் நம் சென்னைக்காரர்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709 மார்ச் 30 அன்று பிறந்தார். ஊர் பெரம்பூர் என்றும் அயனாவரம் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள்தாம். தந்தை திருவேங்கடம் பிள்ளை வசதியான வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிக்கு வேண்டிய சரக்கைப் பிடித்துத் தருவது, உள்ளூர் வியாபாரிகளுக்கு ஜவாப்தாரியாக நிற்பது, சாதிச் சண்டைகளுக்குப் பஞ்சாயத்து, அரசவைகளுக்குக் கடிதம் என எல்லாம் அவர் தலையில்தான். வருமானமும் அதற்கேற்றபடி.

நைனியப்ப பிள்ளைதான் சென்னை வியாபாரிகள் சிலரைப் புதுச்சேரிக்கு அழைத்தவர். திருவேங்கடம் பிள்ளையும் குடும்பத்தோடு போனார். போன கொஞ்ச காலத்திலேயே இடி விழுந்தது. 1716-இல் கவர்னர் எபேர் நைனியப்ப பிள்ளையைச் சிறையில் தள்ளி, சவுக்கடி கொடுத்து, சொத்தைப் பறிமுதல் செய்தார். அடுத்த ஆண்டே நைனியப்ப பிள்ளை சிறையில் இறந்துபோனார். அவர் மகன் குருவப்ப பிள்ளை விடவில்லை. கப்பலேறி ஐரோப்பா போய், பிரான்சில் அரசப் பிரதிநிதியிடமே முறையிட்டார். அங்கே கிறிஸ்தவரானார், வீரப் பட்டம் பெற்றார், புதுச்சேரிக்குத் தலைமைத் துபாஷியாகவே திரும்பினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர் பாரிஸ் வரை போய் நியாயம் வாங்கி வந்திருக்கிறார் என்பதே தனிக்கதை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. கம்பெனியின் வாசலில் நிற்பது எவ்வளவு லாபமோ அவ்வளவு ஆபத்து என்பதை ஆனந்தரங்கர் சிறுவயதிலேயே தன் வீட்டில் பார்த்துவிட்டார். பார்த்தும் அதே வாசலுக்குத்தான் போனார்.

1726-இல் தந்தை காலமானார். பதினேழு வயதுப் பையனைக் கவர்னர் லெனுவார் கூப்பிட்டுப் பரங்கிப்பேட்டைக் கிடங்கை ஒப்படைத்தார். நம் ஊர்த் துணிக்கு, குறிப்பாக நீலச் சாயத் துணிக்கு, கடல் தாண்டி நல்ல கிராக்கி இருந்த காலம். நெசவாளருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், துணி வந்ததும் தரம் பிரிக்க வேண்டும், கப்பல் கிளம்புவதற்குள் கட்டி அனுப்ப வேண்டும். ஆனந்தரங்கர் அதோடு நிற்கவில்லை. லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் சொந்தமாக வணிகச் சாவடிகள் வைத்தார். கப்பலில் வரும் சீமைச் சரக்கு உள்நாட்டுக்குப் போனது, உள்நாட்டுச் சரக்கு கடற்கரைக்கு வந்தது. பிறகு சொந்தக் கப்பலும் வாங்கினார். அதன் பெயர் ஆனந்தப்புரவி.

ஆற்காட்டில் சாவடி வைத்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கணிப்பில் அவருடைய பிற்கால வாழ்க்கைக்கு அடித்தளமே அதுதான். அன்றைக்குச் செய்தி என்பது சரக்கு வரும் வழியிலேதான் வரும். ஆற்காட்டு தர்பாரில் யாருக்கு யார் வேண்டியவர், எந்த அமல்தார் கடனில் இருக்கிறார், எந்தப் படைக்குச் சம்பளம் பாக்கி என்பதெல்லாம் கடைக்காரனுக்குத் தெரிந்த பிறகுதான் கவர்னருக்குத் தெரியும். கடன் கொடுக்கிறவனுக்கு எதிராளியின் நிலைமை தெரிந்தாக வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கம்தான் அவரை மெல்ல மெல்லத் தூதராக்கியது.

1742-இல் டூப்ளே கவர்னரானார். இந்தியாவில் வியாபாரம் மட்டும் செய்தால் போதாது, ராஜ்யமே நடத்தலாம் என்று நினைத்த மனிதர். அவருக்கு உள்நாட்டு அரசியல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அப்போது தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார், கிறிஸ்தவர். அவர் 1746 பிப்ரவரியில் இறந்ததும் பதவி யாருக்கு என்று பெரிய இழுபறி. கிறிஸ்தவர்தான் வர வேண்டும் என்று பாதிரிமார்கள் விரும்பினார்கள். டூப்ளேயின் மனைவி ழான் அம்மையாரும் அதே பக்கம். வேலையை எல்லாம் ஆனந்தரங்கர் செய்தார். பதவி முறைப்படி கைக்கு வர 1747 ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில்தான் பெரிய சோதனை வந்தது, அதுவும் நம் ஊரை வைத்து. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா போர்தொனே சென்னையை முற்றுகையிட்டார். என் நாட்டில் உங்கள் சண்டையா என்று நவாப் அன்வருத்தீன் கேட்டார். பிடித்ததும் பட்டணத்தை உங்களிடமே கொடுத்துவிடுகிறோம் என்று டூப்ளே தரப்பிலிருந்து பதில் போனது. சென்னை விழுந்தது. கொடுக்கவில்லை.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாக்குக் கொடுத்தவர் டூப்ளே. ஆனால் நவாபின் கடிதங்களுக்கும் ஆட்களுக்கும் முகம் கொடுக்க வேண்டியவர் ஆனந்தரங்கர். பாரசீகத்தில் வரும் கடிதத்தைப் படித்துக் கேட்டு, அதில் இருக்கும் கோபத்தைக் கவர்னருக்கு எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்து, பதிலுக்கு என்ன மரியாதைச் சொல் போடுவது, கூடவே எத்தனை கெஜம் சகலாத்து அனுப்புவது என்றெல்லாம் பார்ப்பது அவர் வேலை. சங்கச் செயலாளராக ஒரு வருஷமாவது இருந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். முடிவெடுப்பவர் ஒருவர், படிக்கட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கப்படுபவர் இன்னொருவர்.

ஏமாந்த நவாப் தன் மூத்த மகன் மாபூஸ் கானைப் படையோடு அனுப்பினார். சாந்தோமுக்குத் தெற்கே அடையாற்றங்கரையில் சண்டை. ஆயிரத்துக்கும் குறைவான பிரெஞ்சுப் படை, சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட நவாப் படையைத் துரத்திவிட்டது. ஐரோப்பிய முறையில் பழகிய சின்னப் படை உள்நாட்டுப் பெரும்படையை வெல்ல முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோன நாள் அது. ஆனால் ஜெயித்துவிட்டால் மட்டும் போதுமா? நவாபின் நாட்டுக்குள்ளேதான் புதுச்சேரிக்கு அரிசி வர வேண்டும், துணி வர வேண்டும். சமாதானம் தேவைப்பட்டது. கடிதங்களும் ஆட்களும் போய்வந்து, 1747 தொடக்கத்தில் மாபூஸ் கானே புதுச்சேரிக்கு விருந்தாளியாக வந்து சமாதானம் ஆனது. சில மாதங்களுக்கு முன் தோற்று ஓடிய ஒருவரை, தோற்றதே நினைவுக்கு வராதபடி வரவேற்று உபசரித்து அனுப்பியாக வேண்டும். பீரங்கி மரியாதை, நஜர், இருக்கை வரிசை என எதிலும் குறை வரக்கூடாது.

1749-இல் நிலைமை தலைகீழானது. ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். டூப்ளே ஆதரித்த சந்தா சாகிபும் முசபர் ஜங்கும் மேலே வந்தார்கள். முசபர் ஜங் ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டமும் செங்கல்பட்டு ஜாகீரும் அளித்தார். கவர்னர் மாளிகைக்குள்ளேயே மேளதாளத்தோடு பல்லக்கில் போகவும், காலில் செருப்போடு நடக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. புலவர்கள் அவர்மேல் கோவையும் சம்புவும் பாடினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உச்சம்.

உள்ளே அப்படி இல்லை. துபாஷியின் பலமே இரண்டு மொழிக்கும் நடுவில் அவர் மட்டும் நிற்பதுதான். ழான் அம்மையாரோ புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவரே ஆட்களை வைத்துச் செய்தி சேகரித்தார், அரசவைகளுக்குக் கடிதம் எழுதினார். துபாஷியைச் சுற்றிப் போக ஒரு வழி கிடைத்துவிட்டது. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, மாதா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரில் தமிழர்களுக்குள் அவ்வளவு பெரிய பதவியில் இருந்தும் அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்த வருத்தம் அவர் எழுதி வைத்ததில் நன்றாகத் தெரிகிறது. இந்த இடத்தில் அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. பதவியை உதறியிருக்கலாமே என்று கேட்பார்கள். வியாபாரியாக மட்டும் இருந்திருந்தால் பிடிக்காத பேரத்திலிருந்து எழுந்து போயிருப்பார். கம்பெனியின் முகமாக மாறிய பிறகு, எழுந்து போனால் நைனியப்ப பிள்ளைக்கு நடந்ததுதான் நடக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

பிறகு இறக்கம்தான். முசபர் ஜங் 1751-இல் கொல்லப்பட்டார், அடுத்த ஆண்டு சந்தா சாகிப். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி ஆங்கிலேயர் துணையோடு நிலைத்தார். 1754-இல் பிரான்ஸ் டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டது. புதிய கவர்னர் லெரி காலத்தில், 1756-இல், உடல்நலம் குன்றியிருந்த ஆனந்தரங்கரின் பதவி போனது. 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஆங்கிலேயர் புதுச்சேரியைச் சூழ்ந்து பட்டினி போட்டார்கள். 1761 ஜனவரி 12 அன்று ஆனந்தரங்கர் இறந்தார். நான்கு நாள் கழித்து, 16-ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. ஊரைத் தரைமட்டமாக்கினார்கள்; அதைப் பார்க்க அவர் இல்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? 1736 செப்டம்பர் 6 முதல் அவர் நாட்குறிப்பு எழுதினார். இலக்கியத் தமிழ் இல்லை, பேச்சுத் தமிழ். கணக்குப்பிள்ளை புத்தகம் மாதிரி. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் என்ன முகத்தோடு இருந்தார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று நாள்வாரியாக. அவருக்குப் பிறகும் குடும்பத்தார் கொஞ்சகாலம் தொடர்ந்தார்கள். 1846-இல் கல்வா மோன்பிரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி இந்தக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதிய புத்தகம் தமிழில் அச்சாவதற்கு முன்பே ஆங்கிலத்தில் வந்துவிட்டது என்பது நம் வழக்கமான கதைதான்.

முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களிலிருந்து தொடங்கலாம். இரண்டும் இந்த நாட்குறிப்பை வைத்து எழுதியவை. இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் நம் ராயப்பேட்டை பீட்டர்ஸ் காலனியில் பல ஆண்டுகள் குடியிருந்தவர். நம்மில் மூத்தவர்கள் சிலர் அவரைத் தெருவில் பார்த்திருக்கக்கூடும்.

விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் பெரிய மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். நேரு வீதிக்கு அடுத்தது ரங்கப்பிள்ளை வீதி. அவருடைய வீடு அங்கே இருக்கிறது. கீழ்த்தளத்தில் நம் ஊர் முறையில் மரத்தூண்கள், மேல்தளம் பிரெஞ்சு முறையில்.