பொக்கிஷ அறையில் உடைந்த தராசு: அறிஞர் அல்காஸினீ

குராசானின் மர்வ் நகரில் (இன்றைய துர்க்மெனிஸ்தான்) ஒரு பொக்கிஷதாரிடம் அடிமையாக வந்து சேர்ந்த ரோமச் சிறுவன் அப்துர் ரஹ்மான். எஜமானர் அவரை வேலை வாங்குவதோடு நிறுத்தவில்லை. கணிதமும் தத்துவமும் படிக்க வைத்தார். அந்த எஜமானரின் பதவிப் பெயராலேயே அவர் அல்காஸினீ என அறியப்பட்டார். செல்ஜூக் சுல்தான் சன்ஜரின் காலம் அது.

அவருக்கு முன் அல்இஸ்ஃபிஸாரீ என்ற அறிஞர், தங்கத்தில் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் தராசு ஒன்றைச் சுல்தானுக்காக உருவாக்கியிருந்தார். தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சிய அரண்மனைப் பொக்கிஷதார் அதை உடைத்துச் சிதைத்தார். அந்தத் துயரத்திலேயே அல்இஸ்ஃபிஸாரீ இறந்துபோனார் என்கிறார் வரலாற்றாசிரியர் அல்பைஹகீ. எடைமோசடி செய்வோரை எச்சரிக்க அருள்மறையில் அல்முதஃப்பிஃபீன் என ஓர் அத்தியாயமே இருப்பது ஏனென்று இந்த இடத்தில் புரிகிறது.

அந்தத் தராசை மீண்டும் எழுப்பியவர் அல்காஸினீ. ஐந்து தட்டுகள் கொண்ட அதை விளக்கி ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121-22) அவர் எழுதிய நூல்தான் 'மீஸானுல் ஹிக்மா'. அல்இஸ்ஃபிஸாரீயின் எழுத்துகளையும் அதில் சேர்த்துப் பாதுகாத்தார்.

நூலின் அடித்தளம், எடையை அது தொங்கும் தூரத்தால் பெருக்கும் கணக்கு. நம்மூர் வெள்ளிக்கோலும் இப்படித்தான் நிற்கிறது. இன்று சிவில் இன்ஜினியரிங் மாணவர் இதைத் திருப்புத்திறன் என்று படிக்கிறார். 6 மீட்டர் உத்தரத்தின் இரு முனைகளிலும் தாங்கிகள். இடமுனையிலிருந்து 2 மீட்டரில் 60 கிலோ பாரம். வலமுனையை மையமாக வைத்தால் பாரத்தின் தூரம் 4 மீட்டர்; 60 x 4 = 240. இதை 6ஆல் வகுத்தால் இடத்தாங்கியின் பங்கு 40 கிலோ. மீதி 20 வலத்தாங்கிக்கு.

உத்தரத்தின் சொந்த எடை? சீரான கோலின் எடை முழுவதும் அதன் நடுவில் இருப்பதாகக் கொள்ளலாம் என்பதை அல்காஸினீக்கு முன்பே தாபித் இப்னு குர்ரா நிறுவியிருந்தார். அந்த மரபைத்தான் இந்நூல் தொகுத்துத் தருகிறது. எனவே உத்தரம் 12 கிலோ என்றால் பக்கத்துக்கு 6 கூடும்: 46, 26.

சுல்தான் ஆயிரம் தீனார் அனுப்பியபோது அல்காஸினீ திருப்பி அனுப்பிவிட்டார். கையில் பத்து தீனார் இருந்தது. ஆண்டுச் செலவு மூன்று. வீட்டில் அவருடன் இருந்தது ஒரு பூனை மட்டுமே.