நாடி பார்த்த இப்னு ஸீனா

மருத்துவ மேதை இப்னு ஸீனாவின் பெயரை அறியாதவர் நம்மில் குறைவு. அவர் கணக்குப் படித்தது ஒரு காய்கறி வியாபாரியிடம் என்பதை அறிந்தவர் அதைவிடக் குறைவு. இந்தியக் கணக்கு முறையில் தேர்ந்த அந்தக் கடைக்காரரிடம் மகனை அனுப்பிவைத்தவர் தந்தையே. வியாபாரிகளாகிய நாம் இதற்காகச் சற்றுப் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 370 (கி.பி. 980) இல் பிறந்தார். 10 வயதில் திருக்குர்ஆனை ஓதி முடித்தார். பதின்ம வயதிலேயே வைத்தியத்தில் பெயரெடுத்து, புகாரா மன்னர் நூஹ் இப்னு மன்ஸூரின் சிகிச்சைக்கு அழைக்கப்பட்டார். மன்னரின் நூல்நிலையத்தில் படிக்க அனுமதி பெற்றதையே பெரும் பாக்கியமாகக் கருதினார்.

அவருடைய 'அல் கானூன்' என்னும் பெருநூலில் நம் கவனத்துக்குரியது நாடிப் பகுதி. கிரேக்க மேதை காலன் வழியில் வந்த அறிவை அதில் ஒழுங்குபடுத்தினார். நாடித் துடிப்பு ஒன்றில் விரிதல், சுருங்குதல், அவற்றினிடையே இரண்டு ஓய்வுகள் உண்டு என்றார். அதன் அளவு, வலிமை, வேகம், சூடு, ஒழுங்கு என 10 வகையில் ஆராயச் சொன்னார். எறும்பு ஊர்வது போன்ற நாடி, எலிவால் போன்ற நாடி என்றெல்லாம் பெயரிட்டு வகுத்தார். கோபத்திலோ, பசியிலோ, வயிறு முட்ட உண்ட நிலையிலோ, உழைத்துக் களைத்த வேளையிலோ நாடி பார்க்கலாகாது என்றும் எச்சரித்தார். காதல் நோயாளியிடம் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, எந்தப் பெயருக்கு நாடி தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்கும் வழியும் அந்நூலில் உண்டு!

நமக்குப் பக்கத்திலுள்ள ஜாவாவின் செமாராங்கில் 1860 இல் பிறந்த ஐன்ட்ஹோவன், இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக எழுதிக் காட்டி, 1924 இல் நோபல் பரிசு பெற்றார். இன்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஈ.சி.ஜி. எடுக்கும் டாக்டர் அந்தக் கோட்டில் முதலில் தேடுவதும் வேகம், ஒழுங்கு, இடைவெளி ஆகியவற்றைத்தான். நம்மவர்களோ இரவு கடையை அடைத்துக் கணக்குப் பார்க்கும்போது நெஞ்சு அடைத்தால், வாயு என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள்.

இப்னு ஸீனாவின் முடிவு நம்மைத் திகைக்க வைக்கிறது. ஹமதானில் மந்திரியாயிருந்தார், படைவீரர்களின் கலகத்தில் வீடு சூறையாடப்பட்டது, சிறையும் கண்டார். பின்னர் இஸ்பஹான் அரசர் அலாவுத்தவ்லாவிடம் சேர்ந்தார். பகலெல்லாம் அலுவல், இரவெல்லாம் எழுத்து. படையோடு செல்கையில் கடும் வயிற்றுவலி கண்டது. அரசர் பின்வாங்க நேர்ந்தால் நோயோடு தாம் பயணம் செய்ய முடியாதென அஞ்சி, விரைவில் தேற வேண்டி, ஒரே நாளில் 8 முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடல் புண்ணாயிற்று. பிறர்க்குப் பொறுமை சொன்ன வைத்தியர் தமக்கு மட்டும் அவசரப்பட்டார்! போதாக்குறைக்கு, மருந்தில் 2 தானக் சேர்க்கச் சொன்ன விதையை, உதவிய வைத்தியர் 5 திர்ஹம் எடைக்குச் சேர்த்துவிட்டார். அது 15 மடங்கு. தவறா, சதியா என்பதை உடனிருந்த சீடர் ஜூஸ்ஜானியாலும் சொல்ல முடியவில்லை.

ஓரளவு தேறியதும் மீண்டும் வேலை, மீண்டும் பயணம். ஹமதானை அடைந்தபோது உடலில் வலுவில்லை என்று அவரே கண்டுகொண்டு மருந்தை நிறுத்தினார். ஹிஜ்ரி 428 (கி.பி. 1037) ரமலானில் வஃபாத்தானார். அடக்கஸ்தலம் அந்நகரிலேயே இருக்கிறது.