அரசியின் கணவர் அல்பேட்

அரசனுடைய மனைவியைக் குறிக்கத் தமிழிற் சொற்களுக்குக் குறைவில்லை. அரசி, தேவி, கோப்பெருந்தேவி, பட்டத்தரசி என அடுக்கிக்கொண்டே போகலாம். ஆளுகின்ற அரசியின் கணவனுக்கோ, நான் அறிந்த அளவில், நம் நிகண்டுகளிற் பெயரில்லை. பெயரில்லாத அந்த இடத்திலே இருபத்தோராண்டு இருந்து பெரும்பணி ஆற்றியவர் விக்ரோறியா மகாராணியாரின் கணவர் அல்பேட்.

அவர் 1819 ஓகஸ்ற் 26 இல் ஜேர்மனியிலே கோபேர்க் நகருக்கு அணித்தாயுள்ள றோசனோ மாளிகையிற் பிறந்தார். பெற்றோரின் மணவாழ்வு முறிந்தமையால் ஐந்து வயதிலே தாயைப் பிரிந்தார். பின் அவரைக் கண்டாரல்லர். விக்ரோறியா அவர் தந்தையின் தங்கை மகள். நம் வழக்கிற் சொன்னால் மச்சாள். முடிசூடிய அரசியிடம் மணம் பேச எவர்க்கும் உரிமையின்மையால், 1839 ஒக்ரோபர் 15 இல் அரசியாரே தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 10 இல் திருமணம் நிகழ்ந்தது.

அந்நியர் என்ற ஐயம் அவரை முன்சென்று எதிர்கொண்டது. அரசாங்கம் கேட்ட 50,000 பவுண் ஆண்டுப்படியைப் பாராளுமன்றம் 30,000 ஆகக் குறைத்தது. தொடக்கத்தில் அரசியார் கையொப்பமிட்ட தாள்களில் மையொற்றுவதே அவருக்கு வாய்த்த வேலை. அரண்மனை நிருவாகமோ நகைப்புக்கிடமானது. சாளரக் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பது ஒரு பகுதியார் கடமை, வெளிப்புறத்தைத் துடைப்பது வேறொரு பகுதியார் கடமை; அடுப்பில் விறகிடுவோர் ஒருவர், தீமூட்டுவோர் இன்னொருவர். இச்சீர்கேட்டை அல்பேட் பொறுமையோடு திருத்தினார். நாளடைவில் அரசாங்கக் கடிதப் பெட்டிகளும் அவர் முன் திறந்தன.

1847 இற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக வேந்தரானார். மறு ஆண்டே அங்கு இயற்கை விஞ்ஞானம் தனிப் பரீட்சைக்குரிய பாடமாயிற்று. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனைச் சிறுசெயலென்று கொள்ளார். 1851 இல் இலண்டன் ஹைட் பூங்காவிலே ஜோசப் பக்ஸ்ரன் எழுப்பிய கண்ணாடி மாளிகையில் நிகழ்ந்த உலகக் கைத்தொழிற் பொருட்காட்சிக்கு அவரே உயிராயிருந்தார். பூங்கா பாழாகும் என்றும், கலகம் மூளும் என்றும் பலர் அச்சுறுத்தினர். வந்து பார்த்தோர் அறுபது இலட்சத்துக்கும் மேல். மிச்சமான ஏறக்குறைய 186,000 பவுணைக் கொண்டு தென் கென்சிங்ரனில் நிலம் வாங்கினர். இன்று அங்கே நூதனசாலைகளும் கல்லூரிகளும் நிற்கின்றன.

இத்துணையும் செய்தவருக்கு அரசியின் துணைவர் என்ற விருதுப் பெயர் முறைப்படி கிடைத்தது 1857 இலேதான்! மணமாகிப் பதினேழாண்டு கழிந்துவிட்டது.

ஆயினும் அவர் செய்தவற்றுள் இறுதிச் செயலையே நான் தலையாயதாக மதிக்கின்றேன். 1861 நவம்பரில், உள்நாட்டுப் போரில் அகப்பட்டிருந்த அமெரிக்காவின் கடற்படையினர், ட்ரென்ற் என்னும் பிரித்தானியத் தபாற்கப்பலை மறித்துத் தென்மாநிலத் தூதர் இருவரைச் சிறைகொண்டனர். பிரித்தானிய அமைச்சர் வரைந்த கடிதம் கடுமையானது. அவ்வண்ணமே சென்றிருப்பின் போர் மூண்டிருத்தல் கூடும். டிசெம்பர் முதலாந் திகதி விடியற்காலையில், நோயுற்றிருந்த அல்பேட் எழுந்து அதனைத் திருத்தினார். கப்பற்றலைவன் மேலிடத்து ஆணையின்றிச் செய்தான் என்று அமெரிக்கர் சொல்லித் தம் மானங் குறையாமல் விலகுதற்கு அத்திருத்தம் வழிவைத்தது. எழுதுகோல் பிடிக்கவும் அன்று அவர் கை வலுவிழந்திருந்தது.

டிசெம்பர் 14 இல் வின்சர் மாளிகையில் உயிர் நீத்தார். மருத்துவர் நெருப்புக்காய்ச்சல் என்றனர். நாட்பட்ட வயிற்றுநோய் என்பர் பிற்காலத்தவர் சிலர். வயது 42. ஒன்பது பிள்ளைகளோடு தனித்த அரசியார் 1901 இல் இறக்கும்வரை கறுப்பாடை களைந்திலர். கணவரின் அறையில் நாடோறும் வெந்நீரும் உடையும் வைக்குமாறு பணித்திருந்தார்.

தூதரை விடுவிக்க அமெரிக்கா இசைந்த செய்தி 1862 ஜனவரியில் இலண்டனை எட்டியது. அப்பொழுது அல்பேட்டை அடக்கஞ் செய்து இரண்டு கிழமை கடந்திருந்தது.