சலீம் அலியும் அவரோடு நடந்தவர்களும்

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறினால் ஆனைகட்டி வரும். அங்கே காட்டை ஒட்டி ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அதன் பெயர், சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகும்போது, பெயர்ப் பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் யார் இந்த சலீம் அலி என்று கேட்பதுண்டு. பறவை மனிதர் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பட்டத்தைக் கேட்டால், கழுத்தில் தூரநோக்கியுடன் காட்டில் தனியாகத் திரியும் ஒரு கிழவர்தான் மனதில் வருவார். அவருடைய வாழ்க்கையைப் படித்தால் அவரைத் தனியாகக் காண்பதே அரிதாக இருக்கிறது.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில், சுலைமானி போரா குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்து யதீமானார். தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கழுத்தில் மஞ்சள் கறை படிந்தது போலிருந்த அந்தக் குருவியை உண்ணலாமா கூடாதா என்ற சந்தேகம் வந்ததும் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். மில்லார்டு அந்தச் சிறுவனை விரட்டவில்லை. அலமாரி அலமாரியாகத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். மாமாவின் ஒரு கடிதமும் மில்லார்டு ஒதுக்கிய ஒரு பொழுதும் இல்லையென்றால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

படிப்பில் அவர் பெரிதாக மின்னவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுப் பர்மாவுக்குப் போய்க் குடும்பத் தொழிலான சுரங்கத்தையும் மரத்தையும் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. திரும்பி வந்து 1918 இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் நல்ல வேலைகள் கைநழுவின. பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகக் கொஞ்சகாலம் இருந்தார். பிறகு பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயின்றார். 1930 இல் ஊர் திரும்பியபோது பார்த்துக்கொண்டிருந்த வேலையே எடுக்கப்பட்டிருந்தது. பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். வேலையில்லாத அந்த மாதங்களில் எழுதிய கட்டுரைதான் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

அதன்பின் சுதேச சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். செலவை மட்டும் கொடுத்தால் போதும், சம்பளமில்லாமல் உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். ஹைதராபாத் முதலில் ஒப்புக்கொண்டது. 1933 இல் திருவிதாங்கூர், கொச்சியின் முறை வந்தது. அந்தப் பயணம் ஜனவரியில் தொடங்கிய இடம் மறையூர். நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு போகும்போது சந்தன மரங்களோடு எதிர்ப்படும் ஊர்.

அந்த முகாம்களின் வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். விடியுமுன் காட்டுக்குள் போய்ப் பறவையைப் பார்க்கவும் சேகரிக்கவும் ஒருவர். வெயில் ஏறுவதற்குள், அழுகிவிடாமல் தோலை உரித்துப் பஞ்சு திணித்துப் பதப்படுத்த ஒருவர். சமைக்க, சாமான் ஏற்றி இறக்க, அடுத்த ஊருக்கு வண்டி பேச என்று ஆட்கள். இங்கிலாந்தில் படித்து வளர்ந்த தெஹ்மினா அம்மையார் கூடாரத்தில் தங்கி முகாமை நடத்தினார். கணவரின் ஆங்கில நடையைச் சீராக்கியதும் அவர்தான். ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு கட்டுவார்கள். எந்த நாள், எந்த இடம், யார் சேகரித்தது, எல்லாம் அதில் இருக்கும். சீட்டு இல்லாத பறவை எத்தனை அழகாக இருந்தாலும் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. மத்ரஸாவில் ஹதீஸ் ஓதியவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஸனது நினைவுக்கு வரும். தொடரில் ஒருவர் அசட்டையாக இருந்துவிட்டால் மற்ற அனைவரின் உழைப்பும் கேள்விக்குள்ளாகிவிடுகிறது.

சேகரித்த பறவைகளைப் பெட்டிகளில் அடைத்து இங்கிலாந்தில் இருந்த ஹியூ விஸ்லருக்கு அனுப்பினார்கள். பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் விஸ்லர், இந்தியப் பறவைகளில் பெரிய நிபுணர். இந்த இருவரின் உறவு தொடங்கியதே சண்டையில்தான். நம் மலைக்காடுகளில் துடுப்புவால் கரிச்சான் என்றொரு பறவை உண்டு. கம்பி போன்ற இரண்டு நீண்ட வால் இறகுகளின் நுனியில் துடுப்பு மாதிரி இழை இருக்கும். அந்தத் துடுப்பின் உட்பக்கத்தில் இழை கிடையாது என்று 1929 இல் விஸ்லர் எழுதினார். பழைய நூல்களில் இருந்த செய்திதான். சலீம் அலி அதை மறுத்து எழுதினார். இறகின் தண்டு நுனியில் முறுக்கிக்கொள்வதால் அப்படித் தோன்றுகிறது, பழைய பிழையையே எல்லோரும் திருப்பி எழுதுகிறார்கள் என்பது அவர் வாதம்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலம், எதிரே இருப்பவர் ஓய்வு பெற்ற வெள்ளை அதிகாரி, இவரோ பட்டமில்லாத, பெயர் தெரியாத இந்தியர். விஸ்லருக்குக் கோபம் வந்து, இதழின் ஆசிரியர்களுக்குக் கடுப்பான கடிதங்கள் எழுதினார். அதோடு நின்றிருந்தால் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் தம்மிடம் இருந்த இறகுகளை எடுத்து மறுபடியும் பார்த்தார். தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். சலீம் அலியும் வென்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரியவில்லை. தாம் பாடுபட்டுச் சேகரித்த பறவைகளை அதே மனிதரின் மேசைக்கு அனுப்பி, என் பிழைகளை நீங்கள் திருத்துங்கள் என்ற இடத்தில் நின்றார். திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய அவரது நீண்ட ஆய்வு வெளிவந்தபோது, விஸ்லரின் குறிப்புகளுடன் என்று தலைப்பிலேயே போடப்பட்டது.

இந்த இடத்தில் நம்மைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. நாம் இருந்த ஒரு நிவாரணக் குழு இரண்டே மாதத்தில் கலைந்தது. பண நெருக்கடியோ ஆள் பஞ்சமோ இல்லை. கணக்கில் இருந்த ஒரு பிழையை வயதில் குறைந்த ஒருவர் கூட்டத்தில் சுட்டிக்காட்டினார். கணக்கை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இவன் யார் கேட்பதற்கு என்றுதான் பேச்சு போயிற்று. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நாமும் ஒருவர்.

விஸ்லர் அறிமுகப்படுத்திய மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ராணுவ அதிகாரியோடு 1937 இல் ஆப்கானிஸ்தான் போனார் சலீம் அலி. அந்த மனிதர் பகலில் கூட நடந்து, இரவில் தன் நாட்குறிப்பில் இவரையும் இந்தியர்களையும் இழிவாக எழுதிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து அது தெரியவந்தபோது சலீம் அலி கொதிக்கவில்லை, தம் சுயசரிதையிலேயே அதை எடுத்துப் போட்டார். இது எல்லோராலும் முடியாது, நம்மால் முடியாது.

1939 இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா அம்மையார் காலமானார். பிள்ளைகள் இல்லை. சலீம் அலி தம் சகோதரி கம்மூவின் வீட்டில் போய்த் தங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்ததுதான், இன்றும் புதிய பதிப்புகளாக விற்கும் அவரது இந்தியப் பறவைகள் நூல்.

பெரிய வேலை அதற்கும் பிறகுதான். அமெரிக்கர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகளுக்கான கையேட்டைப் பத்துத் தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1968 இல், கடைசித் தொகுதி 1974 இல். முதல் தொகுதி வரும்போது அவருக்கு வயது எழுபத்திரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் பம்பாயில், இன்னொருவர் வாஷிங்டனில். அருங்காட்சியகங்களும் பறவைகளின் வகைப்பாடும் ரிப்ளியின் பலம். உயிருள்ள பறவை என்ன தின்கிறது, எப்படிக் கூப்பிடுகிறது, எங்கே கூடு கட்டுகிறது என்பது சலீம் அலியின் பலம்.

ரிப்ளியின் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. அட்டையில் இல்லாதவர்களும் உண்டு. 1957 இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் குரங்குக் காய்ச்சல் பரவியது. வலசை வரும் பறவைகள் மூலம் நோய் வருகிறதா என்று பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டும் திட்டத்தைச் சலீம் அலி முன்னின்று நடத்தினார். வளையம் மாட்ட வேண்டுமானால் பறவையை இறகு உதிராமல் உயிரோடு பிடிக்க வேண்டும். அது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் முஸ்லிம்களுக்குத் தெரியும். பறவை பிடித்து விற்றுப் பிழைத்த ஏழை மக்கள். மூங்கில் குச்சி, கண்ணி, வலை, பறவை போலக் குரல் கொடுப்பது எல்லாம் அவர்களுக்குப் பரம்பரைக் கலை. வேட்டைக்காரர்கள் என்று ஒதுக்காமல் அவர்களை ஆய்வு முகாமுக்கு அழைத்துவந்தார் சலீம் அலி. விற்பனைக்கு வலை விரித்த கைகள் வளையம் மாட்டிப் பறக்கவிடுவதற்காக விரித்தன.

அவரை அவுலியா ஆக்க நாம் முயலவில்லை. முன்கோபம் உண்டு. நேரம் தவறினால் பொறுக்கமாட்டார். முகாமில் குறட்டை விடுபவர்களைக் கண்டால் அறவே ஆகாது என்பது அவரோடு போனவர்கள் எல்லோரும் அறிந்தது. உறவினரும் சிறந்த பறவை அறிஞருமான ஹுமாயூன் அப்துல்அலியோடு சேர்ந்து வேலை செய்தவர், பின்னாளில் கழக விவகாரங்களில் அவரோடு முரண்பட்டார். இருவரும் கடைசிவரை ஒத்துப்போயிருந்தால் இன்னும் என்னென்ன கிடைத்திருக்குமோ.

1976 இல் ஐம்பதாயிரம் டாலர் மதிப்புள்ள கெட்டி விருது கிடைத்தபோது, பெரும்பகுதியைச் சிறுவயதில் தமக்குக் கதவு திறந்த அந்தக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். பத்ம விபூஷணும் அதே ஆண்டில்தான். 1985 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20 அன்று பம்பாயில் வஃபாத்தானார்.

தமிழ்நாட்டில் அவர் பெயர் ஆனைகட்டியில் மட்டும் இல்லை. 1948 இல், இன்று தேனி மாவட்டத்தில் உள்ள மேகமலையில், ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துச் சீட்டுக் கட்டி பம்பாய்க் கழகத்துக்குக் கொடுத்தார். வேறொரு சாதாரண வௌவாலின் பெயரில் அது அங்கேயே கிடந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத புதிய இனம் என்று கண்டுபிடித்தார். 1972 இல் அதற்குச் சலீம் அலியின் பெயரை வைத்தார்.