அண்ணல் கண்ட மனநோய்

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கார் அவர்களின் வரலாற்றை நம் சங்கத்தார் பலகாலும் கேட்டிருப்பர். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைமுகாமில் சுபேதார் இராம்ஜியின் மைந்தராய்ப் பிறந்தது முதலாக யாவற்றையும் ஈண்டு விரிக்கப் புகுந்தோமில்லை. மனிதனை மனிதன் இழிவாய் நினைப்பது ஏன் என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் விடாது தொடர்ந்தது. அதனை மட்டுமே சொல்ல விழைகிறோம்.

1901ஆம் ஆண்டில், கோரேகாவில் அலுவல் பார்த்த தந்தையாரைக் காணச் சிறுவர் பீமராவ் தமையனாருடனும் தமக்கையின் புதல்வருடனும் புகைவண்டியேறி மசூர் நிலையத்தில் இறங்கினார். வருகைச் செய்தி தந்தையாரை எட்டாமையால் அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. நல்லாடை உடுத்த பிள்ளைகளைக் கண்ட நிலைய அதிகாரி பரிவோடு விசாரித்தார். மகார் என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறிற்று, விலகிப் போய்விட்டார். பிள்ளைகளின் உடை மாறவில்லை, பேச்சு மாறவில்லை. மாறியது அதிகாரியின் உள்ளம் ஒன்றே. வண்டிக்காரனோ இரட்டைக் கூலி பெற்றும் தீட்டுக்கு அஞ்சித் தான் நடந்து வந்தான். சிறுவர்களே மாடுகளை ஓட்டினர். அன்றிரவு அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை.

கொலம்பியாவில் பயிலுங்கால், 1916 மே மாதம் சாதியின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஒரு கூட்டம் தன்னுள்ளேயே மணந்து கதவடைத்துக் கொள்ள, ஏனையோர் உயர்ந்தாரைப் பார்த்துத் தாமும் அடைத்துக் கொண்டனர் என்பது அவர் கருத்து. மனிதர் ஒருவரையொருவர் பின்பற்றும் இயல்பை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் தார்து இதற்கு அவர்க்குத் துணையானார். வெறுப்பும் இங்ஙனமே கற்றுக்கொள்ளப்படுகிறது போலும்!

1917இல் பரோடாவில் பெரிய பதவியில் அமர்ந்தார். ஆயினும், அவர்க்குக் கீழ்ப்பட்ட ஏவலர் கோப்புகளைக் கையில் தராது மேசைமீது எறிந்தனர். தனக்குக் கீழே ஒருவன் உளன் என்னும் எண்ணம் எளியவனுக்கும் இனிக்கிறது. மேலே போகப் போக மதிப்பும், கீழே இறங்க இறங்க இகழ்ச்சியுமாய்ப் படிப்படியாக அமைந்த இவ்வேற்றத்தாழ்வில், எல்லாரும் ஒன்றுகூடி எதிர்ப்பதற்கு மனம் எழாது. அண்ணலின் ஆராய்ச்சியில் நாம் மிகப் பெரிதாக மதிப்பது இதனையே.

1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாத்துக் குளத்து நீரை அண்ணலும் தோழரும் பருகினர். கோயிலிலும் நுழைவார்கள் என்ற வதந்தி ஒன்றே மக்களைத் தடியெடுக்கச் செய்தது. பின்னர் பசுவின் சாணமும் மூத்திரமும் கலந்த 108 குடங்களால் குளத்தைத் ‘தூய்மை’ செய்தனராம். ஆடுமாடு குடித்தால் வராத தீட்டு!

சாதி கண்ணால் காணும் மதிலன்று, மனத்தின் நிலையே என்று 1936இல் அவர் எழுதினார். அமெரிக்க உளநூலறிஞர் ஆல்போர்ட்டு தப்பெண்ணம் பற்றிய பெருநூலை வெளியிட்டது 1954இல்தான். அரசியற் சட்டம் 1950இல் தீண்டாமையை ஒழித்தது. உள்ளத்தை எச்சட்டம் தொடும்? நம் பேராசிரியர் இலட்சுமி நரசுவும் 1922இலேயே சாதியை ஆராய்ந்து நூல் செய்தவர். அவரது பௌத்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் அண்ணல் முன்னுரை எழுதினார்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். பின்பு 22 உறுதிமொழிகளை அவர் சொல்லச் சொல்ல, இலட்சக்கணக்கானோர் உடன் சொல்லினர். ஐம்பத்துமூன்று நாள் கழித்துத் தில்லியில் கண் மூடினார்.