கோப்பையில் வந்த தமயந்தி



சென்ற பிறந்தநாளன்று விடுதித் தோழர் ஒருவர் எனக்கு ஒரு பீங்கான் கோப்பை பரிசளித்தார். விளிம்பைச் சுற்றிச் சரிகைக் கரை, அதன்கீழ்ச் சிவப்புப் புடவையில் தமயந்தி, எதிரே அன்னம். இரவிவர்மாவின் எழிலோவியம் தேநீர்க் கோப்பையிலா என்று முகஞ்சுளித்தேன். அவர் வாழ்க்கையைப் படித்தபின் அந்த எண்ணம் மாறிற்று.

திருவனந்தபுரத்திற்கு வடக்கே கிளிமானூரில் 1848இல் பிறந்தவர் இரவிவர்மா. 14 வயதில் ஆயில்யம் திருநாள் மன்னரின் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ணம் தீட்டத் தெரிந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் அக்கலையைச் சொல்லித்தர மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையோ இரவில் யாருமறியாமல் வந்து உதவினார் என்பர். மேனாட்டு ஓவியர் தியடோர் ஜென்சன், தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். பார்த்தே பயின்றார் இளைஞர். 1873இல் சென்னைக் கண்காட்சியில், பூச்சூடும் நாயர் நங்கையின் ஓவியம் அவருக்குத் தங்கப் பதக்கம் தேடித் தந்தது.

பின்னர் பரோடா மன்னர் 14 புராண ஓவியங்கள் வேண்டினார். புராணப் பெண்களுக்கு எந்த ஆடை உடுத்துவது? விடை தேடித் தம்பி இராசராசவர்மாவுடன் வடநாடெங்கும் சுற்றினார். அனைவர்க்கும் பொதுவான உடை எங்குமில்லை. இறுதியில் புடவையையே தேர்ந்தார். இன்று நம் மனக்கண்ணில் தோன்றும் திருமகளும் கலைமகளும் புடவையில் நிற்பதில் அவர் தூரிகைக்குப் பெரும் பங்குண்டு.

எண்ணெய் ஓவியம் மாளிகைச் சுவருக்கே உரியதாயிருந்தது. ஆகவே 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். கடன் பெருகியது, அச்சகம் ஜெர்மானியர் ஒருவரிடம் கைமாறியது. ஆனால் படங்கள் ஏழையர் இல்லத்தையும் எட்டின. திருவிதாங்கூரில் கோயிற்கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936இல்தான். அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே, காசு கொடுத்த எவர் வீட்டுக்கும் சாதி கேளாமல் தெய்வங்களை வரச் செய்தது அந்த அச்சுத்தாள்!

1906இல் கிளிமானூரிலேயே மறைந்தார். எல்லார் கைக்கும் எட்டவேண்டும் என்று உழைத்தவரின் ஓவியம், என் கைக்கோப்பைக்கு வந்ததில் இழிவென்ன? ஒரே குறை: கோப்பையின் அடியில் செய்தவர் முத்திரை உண்டு, தீட்டியவர் பெயரில்லை. ஆகவே அறைக்கு வருவோர்க்கு அதில் தேநீர் தரும்போதெல்லாம் அவர் பெயரையும் சொல்லியே தருகிறேன். மூல ஓவியம் இவ்வூர் அருங்காட்சியக வளாகத்திலேதான் இருக்கிறது. தேநீர் அருந்தியதும் ஒருநடை போய்ப் பார்த்து வாருங்கள்!